பூத்த நாள்

முல்லை அரும்பிற்று, கார்காலம் வந்துற்றது என்று வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். எந்த ஆண்டில், எந்த நாளில் அரும்பிற்று என்று மாணவர் எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டுக்கொண்டதில்லை. அக்கேள்வியை நமக்குள் எழுப்பியவர் யசுயுகி அவோனோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர்.

கியோட்டோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக விளங்கிய ஊர். அங்கே அரசவையினரும் துறவியரும் நாட்குறிப்பு எழுதினர். செர்ரி மலர் காணச் சென்றதும், மரத்தடியில் விருந்துண்டதும் தேதியோடு பதிவாயின. அவோனோ அவற்றைத் தேடித் தொகுத்தார்; பழைய நாட்காட்டியின் தேதிகளை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினார். கி.பி. 812இல் தொடங்கும் நெடிய வரிசை ஒன்று உருவாயிற்று. இடையிடையே விடுபட்ட ஆண்டுகளும் அதில் உண்டு.

ஓராண்டின் பூப்பு எதையும் மெய்ப்பிக்காது. குளிர் நீண்டால் மலர் தாமதிக்கும். வெம்மை முந்தினால் மலரும் முந்தும். இவ்வாறு அலையும் எண்களிலிருந்து நிலையான மாற்றத்தைப் பிரித்தறிவதே புள்ளியியலின் பணி. பல்லாண்டுச் சராசரியைக் கணக்கிட்டு, அதனை ஆண்டுதோறும் நகர்த்திக்கொண்டே சென்றால் அலைவு அடங்கிப் போக்கு புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏப்ரல் நடுவை ஒட்டியிருந்த முழுப்பூப்பு, அதன்பின் முன்னோக்கி நகர்ந்திருக்கிறது. 2021இல் அது மார்ச் 26 அன்றே நிகழ்ந்தது. 1409ஆம் ஆண்டின் மார்ச் 27ஐ விட ஒரு நாள்தான் முந்தியது. ஆயினும் 1409 தன் காலத்தில் ஒரு விதிவிலக்கு. 2021இன் அண்டை ஆண்டுகளோ பலவும் முந்திப் பூத்தவை. சராசரி அறியாதவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மனிதரால் ஏறிய புவிவெப்பமும் நகரப் பெருக்கத்தின் வெம்மையும் சேர்ந்து பூப்பை ஏறத்தாழ 11 நாட்கள் முன்னுக்குத் தள்ளியிருப்பதாக, அவோனோவும் பங்கேற்ற 2022ஆம் ஆண்டின் ஆய்வு கணித்தது.

நம் கவிஞர்கள் பூவைக் கூர்ந்து நோக்காதவர் அல்லர். பருவத்தைச் சொன்னார்கள், ஆண்டைச் சொல்லவில்லை. கவிதைக்கு அது குறையன்று. ஆனால் பின்வந்த நாமும் குறித்து வைக்கவில்லையே! 'முன்பெல்லாம் சித்திரை பிறக்கும்போதுதான் வேம்பு பூக்கும்' என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். அது நினைவு; சான்றன்று.

கல்லூரி வளாகத்து வேம்பு பூத்த நாளைக் கையேட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை மூன்று வரிகள். எதையும் நிறுவ அவை போதா. நமக்குப் பின் வருபவர் எவரேனும் தொடர்ந்து எழுதினால் ஒருநாள் பயன்படக்கூடும்.