பீப்பாய் வடிவக் கடிகாரமும் அப்பாவின் கையும்

வட்டக் கடிகாரத்துக்குக் கண்ணாடி மாற்றுவது எளிது. விட்டத்தை அளந்து, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, அழுத்திவிட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் இருப்பது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. மேலும் கீழும் நேராக, இரண்டு பக்கமும் புடைத்த பீப்பாய் வடிவம். அப்பா கட்டியிருந்த, சாவி கொடுக்கும் எச்.எம்.டி. அதன் கண்ணாடி உடைந்துபோனது.

ஓசூரில் நான்கு கடை ஏறினோம். இத்தனைக்கும் கடிகாரத்துக்குப் பேர்போன ஊர் இது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டனின் ஆலை இங்கேதான் இருக்கிறது. ஆனால் எங்கள் கடிகாரம் அந்தக் குடும்பம் இல்லை. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு கடிகார ஆலை தொடங்கியது எல்லைக்கு அந்தப்பக்கம், பெங்களூருவில். 2016 ஜனவரியில் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட ஒன்றிய அரசு முடிவெடுத்தது. இனி புதுக் கண்ணாடி கம்பெனியிலிருந்து வரப்போவதில்லை.

“தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்” என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர், மிஷினை மட்டும் எடுத்து வட்டக் கேஸில் போட்டுத் தருவதாகச் சொன்னார். நாங்கள் சம்மதிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் கல் உடைத்த கூலியில் அப்பா வாங்கியது அது. கட்டிக்கொண்டு ஊர்த்தெரு டீக்கடைக்குப் போனபோது, “நேரம் பாத்து எந்த ஆபீசுக்குடா போற, கழட்டு” என்றார்கள். அப்பா கழற்றவில்லை. அந்தக் கடைக்குப் போவதைத்தான் நிறுத்தினார்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. குடையும் செருப்பும் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டியலில் கைக்கடிகாரம் இல்லை. அன்றைக்கு அது நம்மவர் கைக்கு எட்டாத பொருள். எட்டிய பிறகு, எழுதப்படாத ஒன்பதாவது தடையாக வந்து நின்றது.

விடிந்தால் வா, இருட்டினால் போ என்பதுதான் பண்ணையின் கடிகாரம். கூலிக்காரன் கையில் ஒரு கடிகாரம் ஏறினால் கணக்குக் கேட்பான் என்ற பயம் அவர்களுக்கு. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது கொண்டுவந்த 1946 திருத்தம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆக்கியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற நம் பிள்ளைகளுக்கு இது பழங்கதை இல்லை.

கடைசியில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய், சிக்பேட்டைச் சந்து ஒன்றில் வயதான ஒரு ரிப்பேர்காரரைப் பிடித்தோம். “ரெடிமேட் கிடைக்காதுப்பா, செஞ்சுதான் போடணும்” என்றார். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அட்டையில் வடிவம் எடுத்தார். அக்ரிலிக் தகட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, அரத்தால் ராவி ராவி, கேஸில் வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு லேசாகச் சூடுபடுத்தி வளைத்தார். தட்டையாக விட்டால் என்ன அய்யா என்று கேட்டோம். நொடி முள் எல்லாவற்றுக்கும் மேலே சுற்றுகிறது, கண்ணாடி அதில் உரசினால் கடிகாரம் நின்றுவிடும் என்றார். ஒட்டி, மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஓடுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று பெட்டிக்குள் கிடக்கலாம். கண்ணாடி உடைந்திருந்தால் துண்டுகளை எறியாதீர்கள், அவைதான் அளவு. அதை யார், எந்தக் கூலியில் வாங்கினார்கள், கட்டிக்கொண்டு போனபோது யார் என்ன சொன்னார்கள் என்றும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இன்னொரு ஹட்டன் வந்து எழுதட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜெய்பீம்.