நம் மேடைகள் அறியாத ஓர் ஆய்வாளர்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஜமாஅத்துகளில் தேர்வு முடிவுகள் வந்ததும் பரிசளிப்பு விழாக்கள் நடைபெறுகின்றன. திருக்குர்ஆனை மனனம் செய்த பிள்ளைகளுக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோருக்கும், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தோருக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். தொடர வேண்டிய நல்ல வழக்கம் இது. அம்மேடைகளில் பேசுவோர் இப்னு சீனாவையும் இப்னு ஹைத்தமையும் தவறாமல் நினைவுகூர்கின்றனர். பார்வை என்பது கண்ணோடு முடிவதன்று, கண் தந்ததை அறிவு எடைபோட்ட பின்னரே பொருள் புலப்படுகிறது என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் இப்னு ஹைத்தம். அவரைப் போற்றுவது முறையே.

ஆனால் பேராசிரியர் உபைத் சித்தீகீ என்ற பெயரை அம்மேடைகளில் நாம் கேட்டதில்லை. அவர் பக்தாதிலோ கார்டோபாவிலோ வாழ்ந்தவர் அல்லர். அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து செல்கின்ற பெங்களூரு ரயில்கள் போய்ச் சேரும் ஊரில், 2013 வரை நம் காலத்திலேயே வாழ்ந்தவர்.

உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் 1932இல் பிறந்த அவர், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்று, கிளாஸ்கோவில் முனைவர் பட்டம் பெற்றார். ஹோமி பாபாவின் அழைப்பில் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1962இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை நிறுவி, அதன் முதல் இயக்குநராக இருந்தார். 1984இல் லண்டன் ராயல் சொசைட்டியும், 2003இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக ஏற்றன. 2006இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. ஓய்வு வயதைக் கடந்தும் ஆய்வுக்கூடத்தை விடாத அவர், 2013 ஜூலையில் சாலை விபத்தில் காயமுற்று, ரமளான் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமையன்று 81ஆம் வயதில் காலமானார்.

விருதுகளை அடுக்கிச் சொல்வது எளிது. அவர் என்ன செய்தார் என்பதை அறிவதே உண்மையான பாராட்டு.

கனிந்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் சிறு ஈக்களை நாம் கையால் விரட்டுகிறோம். சித்தீகீ அந்தப் பழ ஈயின் நரம்பு மண்டலத்தில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். வெப்பம் ஏறினால் அசைவற்று விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து நடக்கும் ஈக்களை அமெரிக்க அறிஞர் சீமோர் பென்ஸருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1976இல் அதனை வெளியிட்டார். மும்பையில் தம் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸுடன், சுவையையோ மணத்தையோ உணர இயலாத ஈக்களைத் தேடிப் பிரித்து, எந்த மரபணு பழுதானால் எந்த உணர்வு போகிறது என்று தேடினார்.

ஈயை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். வெப்பத்தில் விழுந்த ஈக்களுள் ஒரு வகையின் குறை, நரம்புச் செல்லுக்குள் சோடியத்தை அனுமதிக்கும் நுண்ணிய வாயிலுக்குரிய மரபணுவில் இருந்தது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. வலிப்பு நோய்க்கு நம் வீடுகளில் உட்கொள்ளும் மாத்திரைகள் சில, மனித மூளையில் இத்தகைய வாயில்களின் மீதே செயல்படுகின்றன. வலிப்பு வந்த பிள்ளையை ஜின் தீண்டிற்று என்று கருதி மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. நரம்பு எவ்வாறு இயங்குகிறது என்ற அறிவு அக்குடும்பங்களை எட்டுவது ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி.

மூளையைப் பற்றிய இவ்வறிவிலிருந்து மற்றொரு கிளையும் பிரிந்து வளர்ந்தது. தராவீஹ் தொழுகையில் ஓதிக்கொண்டிருக்கும் ஹாஃபிழ் ஓரிடத்தில் தடுமாறும்போது, பின்னால் நிற்பவர் இரண்டு சொற்களை எடுத்துக் கொடுத்தால் போதும். பக்கம் முழுவதும் அவர் நாவில் வந்துவிடுகிறது. சிறு துணுக்கிலிருந்து முழு நினைவும் எவ்வாறு மீள்கிறது? ஜான் ஹாப்ஃபீல்ட் 1982இல் இதற்கு ஒரு கணித மாதிரியை அமைத்தார். அதில் நினைவு ஓரிடத்தில் பூட்டி வைக்கப்படவில்லை. பல அலகுகளுக்கிடையே உள்ள இணைப்புகளின் வலுவில் பரவி நிற்கிறது. ஜெஃப்ரி ஹின்டனும் தோழர்களும் தரவுகளிலிருந்து தானே கற்கும் வலையமைப்புகளை வளர்த்தெடுத்தனர். இன்று நம் கைப்பேசி தமிழைப் புரிந்துகொள்வதற்குப் பின்னால் இத்தகைய செயற்கை நரம்பு வலையமைப்புகளே உள்ளன. 2024 அக்டோபர் 8 அன்று இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஹாப்ஃபீல்டுக்கு வயது 91. அவருடைய கட்டுரை வெளிவந்து 42 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே அக்டோபரில்தான் வளர்ந்த பழ ஈயொன்றின் மூளை வரைபடம் முழுமையாக வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 1,39,000 நரம்புச் செல்கள்; அவற்றுக்கிடையே 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். நுண்ணோக்கிப் படங்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிய உதவியவை செயற்கை நரம்பு வலையமைப்புகள்; பிழை திருத்தியவர்கள் மனிதர்கள். மூளையிடம் பாடம் கற்ற கருவி, மூளையைப் படிக்கவே துணை நின்றது. கசகசா விதை அளவேயான ஒரு தலைக்குள் படைத்தவன் வைத்திருக்கும் ஒழுங்கை எண்ணும்போது, சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சென்னையிலும், ஐஐடி மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாகப் பதிவுசெய்து, 2024 டிசம்பரில் உலகோர் அனைவரும் காணும்படி வெளியிட்டது.

இவற்றையெல்லாம் எழுதத் தூண்டியது எங்கள் பகுதி விழாவொன்றில் நிகழ்ந்த சிறு உரையாடல். விலங்கியல் பட்டம் முடித்த ஒரு மாணவியிடம், அடுத்து என்ன என்று பெரியவர் ஒருவர் அன்போடு விசாரித்தார்.

"மூளையப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை மாமா."

"அத முடிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?"

அவர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த பெயர் அழைக்கப்பட்டது. அருகிலிருந்த அவருடைய அத்தா எங்களிடம், "இன்னும் அஞ்சாறு வருஷம் படிக்கணுமாம் பாய், எப்படி அனுப்புறது?" என்றார். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலையில் லேத்தில் ஏற்றிய இரும்பு மாலைக்குள் உருப்படியாக இறங்கிவிடும். உழைப்பின் பயனை அன்றன்றே கண்டு வாழ்ந்த தலைமுறைக்கு, பத்தாண்டு உழைத்தும் விடை கிடைக்காமல் போகக்கூடிய வேலை அச்சமூட்டத்தான் செய்யும். ஆகவே தெரிந்ததைச் சொன்னோம். டாடா நிறுவனம் நடத்தும் நுழைவுத் தேர்வு வழியே, இளங்கலைப் பட்டத்துடனேயே ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் சேரலாம். நாட்டில் ஆய்வு மாணவர்களுக்கான இளநிலை ஆய்வு நல்கை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். "இதெல்லாம் யாரும் சொல்லலையே" என்றார் அவர். அந்த வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை.

யாரும் சொல்லவில்லை என்பதே இங்குள்ள குறை. ஒரு சமுதாயம் எவரை மேடையேற்றுகிறதோ, அவரைப் போல் ஆகவே அதன் பிள்ளைகள் விரும்புவர். மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த நன்றிக்கு மதம் ஒரு நிபந்தனை அன்று. சித்தீகீக்கு உரியது ரோட்ரிக்ஸுக்கும் ஹாப்ஃபீல்டுக்கும் உரியதே. பாராட்டுவது கண்மூடி ஏற்பதும் அன்று. தாம் வளர்த்த நுட்பத்தின் ஆபத்துகளைப் பற்றி ஹின்டனே எச்சரித்து வருகிறார். அறிவு ஓர் அமானிதம் என்று நம்பும் நமக்கு அவ்வெச்சரிக்கை அந்நியமானதன்று.

அடுத்த பரிசளிப்பு விழாவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஓர் ஆய்வாளர் செய்ததை எளிய தமிழில் எடுத்துரைப்போம். மருத்துவ இடம் பெற்ற மாணவருக்கு அருகில், ஆய்வுப் படிப்பில் சேர்ந்த மாணவரையும் நிறுத்திப் பொன்னாடை போர்த்துவோம். நேர்காணலுக்குப் பெங்களூருக்கோ மும்பைக்கோ செல்ல வேண்டிய பிள்ளையின் பயணச் செலவை ஜமாஅத்தின் கல்வி நிதி ஏற்கட்டும். பெரிய தொகை அன்று. ஆனால் பெற்றோரின் தயக்கத்தைப் பாதியாகக் குறைக்கும்.

பயனளிக்கும் கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் வழங்குவானாக! அக்கல்வியைத் தேடித் தந்தோரை அறிந்து நன்றி பாராட்டும் உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.