மழையில் நார்த்தாமலை: உச்சியைத் தொடாமல் ஒரு மலையேற்றம்

"புதுக்கோட்டையில மலையேறப் போறோம்" என்று நண்பர்கள் வட்டத்தில் சொன்னபோது வந்த முதல் கேள்வி, "அங்க மலை இருக்கா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அதுவும் மழையிலயா?"

மழைக்கால மலையேற்றம் என்றாலே நம் மனதில் வருவது கேரளமும் குடகும்தான். ஜூன், ஜூலை மாதம், மூடுபனி, அட்டைக்கடி, பச்சைச் சரிவு. புதுக்கோட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே அடைமழை என்றால் அது ஐப்பசிதான். மலை என்பது மொட்டைப் பாறை. பெயருக்குக்கூட நிழல் கிடையாது. சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் கால் வைத்தால் தோசைக்கல்தான். அதனால்தான் பெரும்பாலானவர்கள் மார்கழி, தை மாதங்களில் போகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பாறைகள் எதற்காக இங்கே நிற்கின்றன என்று புரிய வேண்டுமானால் மழையில்தான் போக வேண்டும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நார்த்தாமலை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர். மேலமலை, கோட்டைமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை, பொம்மாடி மலை என்று ஒன்பது குன்றுகள் சேர்ந்ததுதான் நார்த்தாமலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறி விழுந்த துண்டுகள் இவை என்று ஊரில் ஒரு கதை உண்டு. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆனது என்பது இன்னொரு விளக்கம். சோழர் காலத்தில் இது பெரிய வணிக ஊர் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்காரர்களுக்கு நார்த்தாமலை என்றால் மலையே இரண்டாம் பட்சம். முத்துமாரியம்மன்தான் முதலில். பங்குனித் திருவிழாவுக்கு வந்து போகிறவர்களில் எத்தனை பேர் மேலமலை ஏறியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் கீரனூர் நண்பனும் ஏறியதில்லை. பள்ளி, கல்லூரிக் காலம் முழுக்கப் பேருந்து ஜன்னல் வழியாக இந்தக் குன்றுகளைப் பார்த்தே வளர்ந்தவன். "ஒரு நாள் ஏறணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருபத்தாறு வயதாகிவிட்டது. புதன்கிழமை அவனுக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம். இரண்டு வருட ஒப்பந்தம். அதனால்தான் மழையோ வெயிலோ இந்தச் சனிக்கிழமை போயே ஆக வேண்டும் என்று ஐந்து பேர் கிளம்பினோம்.

முந்தைய நாள் இரவு முழுக்க மழை. காலையில் விட்டிருந்தது. வானம் மட்டும் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிக் கிடந்தது. ஊரைத் தாண்டி மலையடிக்குப் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்கள் காலணிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"மேல போறீங்களாக்கும்?"

"ஆமா அப்பத்தா. வழுக்குமா?"

"கறுப்புக் கோட்டுல காலு வைக்காதீய. வெள்ளப் பாறையிலயே நடங்க. கெழக்க இருட்டுச்சுன்னா நிக்காம எறங்கிருங்க."

இதைவிடத் தெளிவான மலையேற்ற வகுப்பு எனக்கு யாரும் எடுத்ததில்லை. பாறையில் மழைநீர் வழக்கமாக வழியும் தடங்களில் பாசி படிந்து, காய்ந்து, கறுத்துப்போய் நீளக் கோடுகளாகத் தெரியும். வெயிலில் அது வெறும் கறை. ஈரத்தில் எண்ணெய் தடவிய மாதிரி. கோடு இல்லாத வெளிறிய பாறை சொரசொரவென்று காலைப் பிடித்துக்கொள்ளும். அன்று மலை முழுக்க அந்தக் கறுப்புக் கோடுகளில்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோடுகளைத் தாண்டித் தாண்டி, பாண்டி விளையாடுவது போல ஏறினோம். கூட வந்த தோழியின் தம்பி மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் போய்விட்டான்.

வழியில் ஒரு சுனை. தலையருவிச் சிங்கம் என்று பெயர். அன்று அது நிரம்பி, விளிம்பில் வழிந்து, பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்த ஒரு சிறு கருவறையும், அதில் ஜுரஹரேஸ்வரர் என்ற லிங்கமும் இருக்கின்றன. காய்ச்சலைத் தீர்க்கும் சாமி, தான் மட்டும் எப்போதும் குளிர்ந்த நீரில். தொண்டைமான் மன்னர் காலத்தில் அரசி ஒருவர் சுனை நீரை இறைக்கச் செய்து வழிபட்டதாக அருகில் கல்வெட்டு சொல்கிறது. சுனையில் இறங்கிக் குளிக்கலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. ஆழம் தெரியாது, விளிம்பு பாசி, அதற்கும் மேல் அது சாமி இருக்கும் இடம்.

சுனையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் பாறை சட்டென்று ஒரு திண்ணை மாதிரி விரிகிறது. அங்கே நிற்கிறது விஜயாலய சோழீஸ்வரம். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. மேற்குப் பார்த்த வாசல். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். விமானமும் கீழே சதுரமாகத் தொடங்கி மேலே வட்டமாகிறது. சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்திருக்கின்றன. ஆறு இப்போது நிற்கின்றன.

நாங்கள் போன நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. விமானத்தின் உச்சியில் விழுந்த தண்ணீர் வட்டத்தில் சுழன்று, சதுரத்தில் மூலைகளைத் தேடி, ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று இறங்கியது. நனைந்த கல் தேன் நிறத்திலிருந்து கருஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. போட்டோவில் இது வரவில்லை. எடுத்துப் பார்த்தேன், வரவில்லை.

இந்தக் கோயிலின் பெயர் முதல் பெரிய சோழனுக்குச் சொந்தம். தஞ்சையை முத்தரையர்களிடமிருந்து கைப்பற்றியவர் விஜயாலயன். ஆனால் இங்குள்ள கல்வெட்டு வேறு ஆளைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர், முத்தரையர் தலைவர், இந்தக் கற்கோயிலைக் கட்டினார். மழையில் அது இடிந்துபோனது. மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தார். இவ்வளவுதான் செய்தி. படையெடுத்து வந்து இடித்தார்கள் என்று இல்லை. மழை இடித்தது என்றுதான் இருக்கிறது.

இதைக் கைப்பேசியில் படித்துக் காட்டியபோது கீரனூர்க்காரன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மாச்சி வீடு கீரமங்கலம் பக்கம்" என்றான். 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் இவ்வளவு உள்ளே வந்து அடிக்கும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லையாம். "விடிஞ்சு வெளிய வந்தா தெரு எதுன்னே தெரியல. அம்மாச்சி கல்யாணமாகி வந்தப்ப வச்ச பலாமரம், வேரோட படுத்துக் கிடக்கு. அது அழல. மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து பழத்தை எண்ணுச்சு. அடுத்த மாசமே அதே எடத்துல கன்னு வச்சிருச்சு." அந்தக் கன்று இப்போது காய்க்கிறதா என்று கேட்டோம். "போன வருஷம் மூணு" என்றான்.

தூறல் வலுத்ததும் கோயிலுக்கு எதிரே பாறையில் குடைந்த குடைவரைக்கு ஓடினோம். இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. சிறியது பழியிலீஸ்வரம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7-ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்பவர் குடைவித்தது. முன்மண்டபம் எழுப்பியது அவருடைய மகள், பழியிலி சிறியநங்கை. அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு பெண் பாறையில் நிற்பது எங்கள் தோழிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரியது சமணர் குடகு. பெயர் சமணர் பள்ளியைச் சொல்கிறது. உள்ளே வரிசையாக நிற்பவர்களோ பன்னிரண்டு விஷ்ணுக்கள். ஆளுயரம், ஒரே தோற்றம், ஒரே நிதானம். வெளியே மழை கொட்ட, அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் ஐந்து பேர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தயங்கி, கடைசியில் பிரிக்காமலே வைத்துவிட்டோம்.

மழை கொஞ்சம் விட்டது. உச்சி இன்னும் மேலே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சுற்றியுள்ள கண்மாய்கள் எல்லாம் தெரியும் என்று தம்பி துடித்தான். ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். அப்போதுதான் கிழக்கே மின்னியது.

எண்ணினோம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே மூன்று விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முதல் இடி இருபத்தேழு விநாடியில் வந்தது. ஒன்பது கிலோமீட்டர். "இன்னும் தூரத்துலதான இருக்கு" என்றான் தம்பி. ஆனால் முப்பது விநாடிக்குள் இடி கேட்டாலே ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். மரமே இல்லாத மொட்டைப் பாறையில் நிற்கிற மனிதன்தான் உயரமான பொருள். குடைவரைக்குள்ளேயே இருக்கலாமே என்றால், ஆழமில்லாத பாறைக் குடைவுகளும் இடிக்குப் பத்திரமில்லை.

எல்லோரும் கீரனூர்க்காரனைத்தான் பார்த்தோம். இது அவனுடைய மலை. இனி இரண்டு வருடம் கிடையாது. அவன் "ஏறலாம்" என்றால் மறுத்திருப்போமா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

அவன் உச்சியை ஒரு தடவை பார்த்தான். "பலா மரம்னா விழுந்துரும். பாறை எங்க போகப் போகுது?" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டான்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். வெளிறிய பாறையிலும் இப்போது தண்ணீர் ஓடியது. செங்குத்தான இடங்களில் உட்கார்ந்து, கையை ஊன்றி, சறுக்காமல் நகர்ந்தோம். இந்த மலைக்கு மழையில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலை ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள், பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். தேய்ந்த அடிப்பாகமுள்ள ஷூ வேண்டாம். குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். தண்ணீர், சாப்பாடு எல்லாம் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே கடை எதுவும் இல்லை, இல்லாததும் நல்லதுதான்.

பாதி இறங்கும்போது தலைக்கு மேல் ஒரு இடி இடித்தது. யாரும் எண்ணவில்லை.

மலையடியில் வந்து நின்றபோதுதான் காலையிலிருந்து நாங்கள் தாண்டித் தாண்டி நடந்த கோடுகளெல்லாம் எங்கே போகின்றன என்று தெரிந்தது. வற்றாத ஆறு என்று ஒன்றுகூட இல்லாத மாவட்டம் இது. ஆயிரக்கணக்கான கண்மாய்கள்தான் சோறு போடுகின்றன. மேலே விழுந்த மழையில் ஒரு சொட்டைக்கூடப் பாறை குடிக்கவில்லை. சுனையை நிரப்பியது போக மீதியெல்லாம் செம்மண் நிறத்தில் ஒரு வரத்து வாய்க்காலில் சேர்ந்து, சலசலவென்று கண்மாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒரு பெரியவர் மண்வெட்டியால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். தலையில் யூரியா சாக்குக் கொங்காணி. கரையில் இழுத்துப்போட்ட குப்பையில் பாதி, மலையிலிருந்து வந்த தண்ணீர் பாட்டில்கள். எங்களைப் பார்த்து, போனீர்களா, என்ன பார்த்தீர்கள் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை.

"மேல இன்னும் பேயுதா தம்பி?"

"நல்லாப் பேயுதுங்கய்யா" என்றான் கீரனூர்க்காரன்.

அவர் மறுபடி குனிந்து மண்ணை அள்ளினார்.