பழைய சீட்டும் புது சீட்டும்



"டிரைவர் எழுதுறேன்" என்று வீட்டில் சொன்னதும் எங்க ஆயாவுக்கு ஒரே குழப்பம். "டிரைவர்னா வண்டி ஓட்டுவான். அவனை எதுக்குடா எழுதணும்?" நியாயமான கேள்விதானே! எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். படிப்பதை வீட்டில் புரிய வைப்பதும் எனக்கு ஒரு பேப்பர் மாதிரி!

ஃபைலை சேமிக்கச் சொன்னால் அது தானாக டிஸ்க்கில் போய் உட்காராது. டிஸ்க்கை ஆள்வது ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். லினக்ஸுக்கும் அதற்கும் நடுவில் நின்று பேசும் புரோகிராம்தான் டிரைவர். எங்கள் புராஜெக்ட் என்.வி.எம்.இ. கன்ட்ரோலர் பற்றியது. அதன் விதிமுறை 2011-ல் வெளிவந்தது. 2012-ல் லினக்ஸ் 3.3-ல் அதற்கான டிரைவர் சேர்ந்தது.

அப்பா ஒரு மெஸ்ஸில் சப்ளையர். அவர் வேலையை வைத்தே அவருக்குச் சொன்னேன். டிரைவர் 64 பைட்டில் ஓர் ஆர்டர் சீட்டு எழுதி ஒரு வரிசையில் வைத்து மணி அடிக்கும். அந்த மணிக்கு 'டோர்பெல்' என்றே பெயர். கன்ட்ரோலர் வேலையை முடித்துவிட்டு 16 பைட்டில் பதில் சீட்டை இன்னொரு வரிசையில் வைக்கும். "அட, நம்ம கிச்சன் மாதிரிதான்டா!" என்றார் அப்பா.

ஆனால் ஒரு வித்தியாசம். பதில் வரிசை ஒரு வட்டம். கடைசி இடம் நிரம்பியதும் மறுபடி முதல் இடம். பழைய சீட்டை யாரும் கிழித்துப் போடுவதில்லை. அதன் மேலேயே புதுசு எழுதப்படும். அப்படியானால் எது பழசு, எது புதுசு? அதற்காக ஒவ்வொரு சீட்டிலும் 'ஃபேஸ் டேக்' என்று ஒரே ஒரு பிட். முதல் சுற்றில் 1, அடுத்த சுற்றில் 0, பிறகு மறுபடி 1. ஒரு சுற்று நீல மை, ஒரு சுற்று சிவப்பு மை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

சீனியர்கள் விட்டுப்போன சின்ன டிரைவர் ஒன்றைச் சோதிப்பது எங்கள் வேலை. நிஜ டிஸ்க்கில் கைவைக்கப் பயம். அதனால் கியூஎமு என்ற மென்பொருள் காட்டும் போலி கன்ட்ரோலரில் சோதித்தோம். ஒவ்வொரு பிளாக்கிலும் அதன் நம்பரையே எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தோம். 1, 2, 3... 32 வரை கச்சிதம். 33-ஐப் படித்தால் 32 வந்தது! எரர் எதுவும் இல்லை. 'முடிந்தது' என்றே டிரைவர் சொன்னது.

மூணு நாள் தூக்கம் போச்சு. பதில் வரிசையில் மொத்தம் 32 இடம். அதை 16 ஆக்கிப் பார்த்தோம். இப்போது 17-ல் தப்பு! குட்டு வெளிப்பட்டது. அந்த டிரைவர் எப்போதும் 1-ஐ மட்டுமே தேடியது. இரண்டாவது சுற்றில் கன்ட்ரோலர் பதில் எழுதும் முன்பே, பழைய சீட்டில் கிடந்த 1-ஐப் பார்த்து வேலை முடிந்ததாக நம்பிவிட்டது. சுற்று முடியும்போதெல்லாம் தேடும் பிட்டை மாற்ற வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி.

அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: "குழுப் பணம் கட்டப் போனா, 'பதிஞ்சாச்சும்மா'ங்கறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பித்தான் வர்றேன். கம்ப்யூட்டரே அந்த மாதிரி பழைய சீட்டைப் பார்த்துச் சொல்லிட்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. மார்க்குக்காகத்தான் அந்த புராஜெக்ட்டை எடுத்தேன். படிக்கத் தெரியாத ஒருவர் 'பதிஞ்சாச்சு' என்ற ஒரு சொல்லை நம்பி வீடு திரும்புகிறார். அந்தச் சொல்லுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு டிரைவர் நிற்கிறது. அதை எழுதுகிறவன் நேர்மையாக எழுத வேண்டாமா?

தம்பி, தங்கைகளே! எரர் வரவில்லை என்பதால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 32 சரியாக வந்தாலும் 33-ஐயும் படித்துப் பாருங்கள். நம்மை நம்பி வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் துறை