எழுதப்படாத பக்கங்கள்



படிவம் மூன்றில் பயிலும் என் மகள், சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ முத்தொகுப்பின் இறுதி நாவலான ‘மாக்கிங்ஜே’யை (2010) முடித்துவிட்டு, “போரில் வென்றும் காட்னிஸ் தங்கையை இழந்துவிட்டாளே, அம்மா!” என்று வருந்தினாள்.

நானும் படித்தேன். தன் பிள்ளைகள் விளையாடும் புல்வெளி இறந்தோரைப் புதைத்த இடம் என்பதை அவர்களிடம் எவ்வாறு சொல்வது எனக் காட்னிஸ் முடிவில் தவிக்கிறாள்.

எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. 1943இல் எங்கள் தோட்டத்திலிருந்து சயாம் மரண இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட அவருடைய அண்ணன் திரும்பவேயில்லை. பாட்டி அதைப் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

காட்னிஸ் இறந்தோர் நினைவுகளை நூலாகத் தொகுக்கிறாள். அன்றிரவு நானும் மகளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதினோம். அதற்குமேல் எழுத எங்களிடம் ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டு முதியவர்களிடம் இன்றே கேளுங்கள்.