நாலாம் நம்பர் காற்று

போயா லீவு. கண்டியில் காலையிலிருந்தே மழை. டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து கிடந்தேன். காரின் ஏசி, ஹீட்டர் காற்றாடி நாலாம் நம்பரில் மட்டும் ஊதியது. மற்ற மூன்றிலும் மூச்சில்லை. அப்போ மோட்டார் நல்லது, வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் போயிருக்கு. கடைசி வேகத்துக்கு மின்சாரம் அதைத் தொடாமலே போகும்.

"கண்டியில ஹீட்டர் எதுக்கு?" என்று மச்சான் சிரித்தார். நுவரெலியா போகும் வழியில், றம்பொடை ஏற்றத்தில் மழைக்குக் கண்ணாடி பூத்துப்போய் ரோட்டே தெரியாமல் நின்றவன் நான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், குளிர். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால்தான் காற்று உலர்ந்து கண்ணாடி தெளியும்.

கிளவ் பொக்ஸைக் கழற்றினால் வடிகட்டி முழுக்கக் காய்ந்த இலை. காற்றுப் போகாமல் ரெசிஸ்டர் சூடேறிக் கருகியிருக்கிறது. மரத்தடியில் காரை விடாதே என்று அம்மா சொன்னது காகத்துக்காக.