பெங்களூர் – சான்பிரான்சிஸ்கோ: எத்தனை மணி நேரம்?



"சார், பெங்களூர்ல இருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார. மகன் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். சுமார் 14,000 கி.மீ. ஆனால் ஓர் அவசரம் என்றால் பிள்ளை எவ்வளவு நேரத்தில் வீடு வந்து சேருவான் என்பதுதான் அவர் மனதில் இருப்பது.

தூரத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் கடலைக் குறுக்கே தாண்டாது. திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, அலாஸ்கா வழியாக இறங்கும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது கடைசி பெஞ்சுகூட எழுந்து வரும், ஞாபகம் இருக்கிறதா?

விமானம் அப்படியே நூல் பிடித்துப் போவதில்லை. காற்றையும் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புது வழி 15,300. தூரம் கூடியும் பயணம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைந்தது! உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் குழப்பம் தேதி. பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் 2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பியது. ஓட்டியவர்கள் எல்லாருமே பெண் விமானிகள். வடதுருவம் வழியாகப் பறந்து திங்கள் அதிகாலை இறங்கியது. சனி கிளம்பி திங்கள் வந்தால் நம் ஊரில் இரண்டு நாள் என்பார்கள். உண்மையில் சுமார் 17 மணி நேரம்தான். குளிர்காலத்தில் அவர்கள் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள் (கோடையில் பன்னிரண்டரை). அங்கே சனி இரவு எட்டரை என்றால் இங்கே ஞாயிறு காலை பத்து.

இந்தக் கணக்கை என்னிடம் அதிகம் கேட்பது சாவு வீடுகளில்தான். போன வருஷம் ஒரு வீட்டில், "பையன் சனிக்கிழமை ஏறுறான், திங்கக்கிழமைதான் வருவான்" என்ற பேச்சைக் கேட்டு, அவ்வளவு நேரம் தாங்காது என்று பங்காளிகள் ஞாயிறு மாலையே எடுத்துவிட்டார்கள். பையன் மறுநாள் விடிகிற நேரத்தில் வந்து வாசலில் நின்றான். ஐஸ் பெட்டியில் இன்னும் ஒரு ராத்திரி வைத்திருந்தால் போதும். அப்பா முகத்தைப் பார்த்திருப்பான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வீட்டுக்குத் தகவல் சொல்லும்போது நம்ம ஊர் மணியில் சொல்லுங்கள். "ஞாயிறு காலை பத்துக்கு ஏறுறேன், திங்கள் விடியக்காலம் நாலுக்கு இறங்குவேன்" என்று. நேரடி விமானம் கிடைக்காமல் துபாயிலோ சிங்கப்பூரிலோ மாறினால் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதையும் சொல்லிவிடுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் தேவனஹள்ளியில் இறங்கி பெங்களூர் நகரத்தையே குறுக்கே தாண்டி வர வேண்டும். அந்த நேரத்தை மட்டும் எந்த உருண்டையை வைத்தும் என்னால் சொல்ல முடியாது!